விலைக்குக் கிடைக்கும் ஒப்பந்தமும் கிடைக்காத வலிமையும்

(வாளையாரில் கலைஞர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



வாளையார் சரக்குகள் கடந்து செல்லும் ஊர். கோவைக்கும் கொச்சிக்கும் இடையே ஓடும் நெடுஞ்சாலையில் லாரிகள் நாள்கணக்கில் வரிசைகட்டி நின்ற காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபின் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. ஆனாலும் சிமெண்ட் ஏற்றிய லாரி சீட்டில்லாமல் எல்லையைக் கடப்பதில்லை. விற்றவர் யார், வாங்கியவர் யார், எடை என்ன, விலை என்ன என்பதெல்லாம் தாளில் இருக்கும்.

அதே சாலையில் கூத்துக் குழுவும் செல்கிறது. மேளக்காரரும் பாடகரும் சுவரோவியரும் ஒளிப்படக்காரரும் செல்கிறார்கள். அவர்களுடைய உழைப்புக்குத்தான் பெரும்பாலும் சீட்டு இல்லை. தொலைபேசியில் ஒரு பேச்சு, கையில் கொஞ்சம் முன்பணம், “மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற ஒரு சொல், அத்தோடு சரி. பதிவு செய்த பாட்டு எங்கெங்கு ஒலிக்கிறது, வரைந்த படம் எத்தனை பொருள்களில் அச்சாகிறது என்பது வரைந்தவருக்கும் பாடியவருக்கும் தெரிவதில்லை.

இந்தக் குறையைக் காட்டித்தான் இப்போது ஆயத்த ஒப்பந்தப் படிவங்கள் விற்கப்படுகின்றன. பெயரையும் தொகையையும் நாளையும் நிரப்பினால் போதும் என்கிறார்கள். அவற்றை வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்பதே இன்றைய கேள்வி.

முதலில், ஒப்பந்தமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் விடை சொல்கிறது. ஒருவர் பணம் கொடுத்து ஒளிப்படம் எடுக்கவோ ஓவியம் வரையவோ செய்தால், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். 1977இல் இந்தியக் கலைநிகழ்த்து உரிமைச் சங்கத்துக்கும் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இடையிலான வழக்கில் உச்சநீதிமன்றம் இதே விதியைத் திரையிசைக்கும் பொருத்தியது. தயாரிப்பாளர் பணம் கொடுத்து இசையமைக்கச் செய்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை தயாரிப்பாளருக்கே என்றது. சொத்துடையவர்களின் சட்டத்தில், எழுதாமல் விட்ட இடமெல்லாம் பணம் கொடுத்தவனுக்குச் சேர்கிறது.

அந்த அமர்வில் இருந்தவர் பாலக்காட்டில் பிறந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1957இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர். தீர்ப்பை ஏற்றுக்கொண்டே அவர் தனிக்குறிப்பு ஒன்றையும் எழுதினார். பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் அறிந்த சட்டம், அப்பாட்டுக்கு உயிர் கொடுக்கும் பாடகரை அறியவில்லை என்பது அவர் சுட்டிய குறை. நிகழ்த்துநர் உரிமை சட்டத்தில் ஏற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2012இன் திருத்தம் அதை விரிவாக்கியது.

இந்த மண்ணுக்கு அதன் பொருள் என்ன? பாலக்காட்டுப் பகதி கோயில்களின் கூத்துமாடங்களில், வெண்திரைக்குப் பின்னே விளக்கேற்றி, தோற்பாவைக் கூத்துக் கலைஞர்கள் இரவிரவாகக் கம்பனின் தமிழ்ப்பாடல்களைப் பாடி உரை சொல்கிறார்கள். கம்பன் காவியம் எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுச்சொத்து. ஆனால் இன்றிரவு அதைப் பாடும் குரலும் பாவையை ஆட்டும் கையும் அந்தக் கலைஞருடையவை. அந்த நிகழ்த்துதலின் மீதான உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். நடிகர், பாடகர் தொடங்கி வித்தைக்காரர், பாம்பாட்டி வரை நிகழ்த்துநர் என்ற சொல்லில் அடங்குவர். ஆகவே “பழைய கதைதானே, இதில் உமக்கென்ன உரிமை?” என்று ஒலிப்பதிவுக்காரர் கேட்டால் விடை சட்டத்திலேயே இருக்கிறது.

இனிப் படிவங்களுக்கு வருவோம். எந்தப் படிவத்தையும் கையில் எடுத்தவுடன், இதை யார் யாருக்காக எழுதினார் என்று கேட்க வேண்டும். பதிவு நிறுவனத்துக்காக எழுதியதைத் தலைப்பு மாற்றிக் கலைஞருக்கு விற்பது கடினமன்று. அமெரிக்கச் சட்டத்துக்கென எழுதிய படிவம் இந்தியச் சட்டத்தின் பாதுகாப்புகளை ஒரு சொல்லாலும் குறிப்பிடாது. அப்படிப்பட்டது விலையின்றிக் கிடைத்தாலும் நட்டமே.

அடுத்து, அது உரிமத்தைக் கொடுக்கிறதா, உரிமையையே மாற்றிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். உரிமம் என்பது வீட்டை வாடகைக்கு விடுவது போன்றது. உரிமை மாற்றம் வீட்டை விற்பது போன்றது. “என்றென்றைக்கும், உலகெங்கும், எல்லா ஊடகங்களிலும்” என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அது விற்பனை. 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பது அதில் தெரிய வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். நல்ல படிவத்தில் இவற்றுக்கெல்லாம் தனித்தனி இடம் இருக்கும்.

ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பதும் இன்றியமையாதது. பாரதியின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனியார் கைகளில் விலைபேசப்பட்டு, இறுதியில் 1949இல் சென்னை மாகாண அரசு தலையிட்டு அவர் படைப்புகளின் உரிமையை ஏற்க வேண்டியிருந்ததைத் தமிழ்நாடு அறியும். ஒப்பந்தம் எழுதிய நாளில் இல்லாத புதிய ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லாவிட்டால், உரிமை மாற்றம் செல்லாது என்று 2012இன் திருத்தம் கூறுகிறது. செயற்கை நுண்ணறிவு குரலையும் கோட்டையும் நகலெடுக்கும் இந்நாளில் “இனிக் கண்டுபிடிக்கப்படுவன உட்பட” என்ற சொற்கள் படிவத்தில் ஒளிந்திருந்தால் அவற்றை அடித்துவிட வேண்டும்.

முன்பணம் எவ்வளவு, மீதி எந்த நாளில், மழையால் விழா நின்றால் யார் பொறுப்பு, பெயர் எங்கே வரும் என்பவற்றையும் பார்க்க வேண்டும். வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்ற வரியைத் தவறவிடக் கூடாது. பாலக்காட்டுக் கலைஞர் மும்பைக்குப் போய் வழக்காட முடியாது என்பதை நம்பியே அந்த வரி எழுதப்படுகிறது. கையெழுத்திடும் கலைஞர் படிக்கும் மொழியில் படிவம் இல்லையெனில், அவருக்கு அது வெற்றுத்தாளே.

விற்கமுடியாத ஒன்றும் உண்டு. சிற்பி அமர்நாத் சேகலின் சுவர்ச்சிற்பம் டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்தது. உரிமை முழுவதும் தனக்கே என்று ஒன்றிய அரசு வாதிட்டது. 2005இல் டெல்லி உயர்நீதிமன்றம், படைப்பின் மாண்பைக் காக்கும் தார்மிக உரிமை விற்பனைக்குப் பின்னும் கலைஞரிடமே இருக்கிறது என்று கூறி, சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. ஆனால் சிற்பம் அகற்றப்பட்டதற்கும் தீர்ப்புக்கும் இடையே 26 ஆண்டுகள் கடந்திருந்தன!

இங்குதான் அடிப்படைக் கேள்வி எழுகிறது. நல்ல படிவம் ஒன்று கிடைத்துவிட்டால் போதுமா? 1971இல் நியூயார்க்கில் சேத் சீகலாப், வழக்கறிஞர் ராபர்ட் புரொஜான்ஸ்கியைக் கொண்டு கலைஞர்களுக்கான ஒப்பந்தம் ஒன்றை எழுதச் செய்து விலையின்றிப் பரப்பினார். ஓவியம் மறுவிற்பனையாகும்போது கூடிய விலையில் 15 விழுக்காடு கலைஞருக்கு என்றது அது. ஹான்ஸ் ஹாக்கே போன்ற சிலர் அதை விடாது பயன்படுத்தினர். சந்தையின் வழக்கமாக அது மாறவில்லை. அந்தத் தாளில் பிழை இருக்கவில்லை. “இதில் கையெழுத்திட்டால் வாங்கமாட்டேன்” என்ற ஒரு சொல்லுக்கு முன் கலைஞர் தனியாக நின்றார்.

2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் 148 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தது. ஊதியத்தோடு செயற்கை நுண்ணறிவுக்குக் கட்டுப்பாட்டையும் தன் அடிப்படை ஒப்பந்தத்தில் சேர்த்தது. அந்த ஒப்பந்தமும் ஒரு மாதிரிப் படிவந்தான். அதை எந்த எழுத்தாளரும் கடையில் வாங்கவில்லை. எல்லாரும் சேர்ந்து பேனாவைக் கீழே வைத்ததால் அது கிடைத்தது.

தனக்காகப் பாடும் பாடகர், முதலாளிக்குக் கூலிக்குப் பாடத் தொடங்கியதும் மூலதனத்தைப் பெருக்கும் உழைப்பாளி ஆகிறார் என்று மார்க்ஸ் விளக்கினார். ஆலைத் தொழிலாளியின் கூலி ஒப்பந்தத்துக்குச் சங்கம் தேவை என்றால், இந்த உழைப்பாளியின் ஒப்பந்தத்துக்கும் தேவை.

ஆகவே, தோழர்களே, செய்ய வேண்டியது தெளிவானது. படிவம் தேவைப்படும் கலைஞர் தனித்தனியே காசு கொடுத்துத் தேட வேண்டாம். எல்லையின் இருபுறத்துக் கலை இலக்கிய அமைப்புகளும் நம் வழக்கறிஞர் தோழர்களும் ஒன்றுகூடி, கூத்துக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று, ஓவியத்துக்கு ஒன்று என எளிய படிவங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதட்டும். “எங்கள் சங்கத்தின் படிவம் இதுதான்” என்று ஒவ்வொரு கலைஞரும் சொல்லட்டும். தனியொருவர் சொன்னால் அவரை விட்டு அடுத்தவரை அழைப்பார்கள். அடுத்தவரும் அதே தாளை நீட்டினால், அழைத்தவர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.