கரையும் கலிங்கும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இயலும் இசையும் நாடகமும் முழங்கும் இம்மேடைக்கு, மண்ணையும் கல்லையும் தவிர வேறொன்றும் அறியாத என்னை அழைத்தது விழாக் குழுவினரின் துணிவேயாகும். "அணைகளும் மக்கள் பாதுகாப்பும்" என்பது எனக்குத் தந்த தலைப்பு. பக்ரா நங்கலையும் நாகார்ச்சுன சாகரையும் பற்றிப் பேசினால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் நம் காலனி வீட்டு முற்றத்தில் ஏறும் நீர் அங்கிருந்து வருவதன்று. ஆகவே, காலையில் பேருந்து ஏறி மாலைக்குள் பார்த்துத் திரும்பக்கூடிய ஏரிகளையும் அணைகளையும் மட்டுமே எடுத்துக்கொள்ளத் துணிகின்றேன்.

முதற்கண் சில சொற்கள். நாம் ஏரி என்பதைத் தெலுங்கு அன்பர்கள் செருவு என்பர். நம் கரை அவர்களுக்குக் கட்ட. நம் இலக்கியம் தூம்பு என்று சொல்லும் மதகினை அவர்கள் தூமு என்கின்றனர்; இது இரு மொழியின் உறவைக் காட்டும் அழகிய சான்று. மிகை நீர் வழிந்தோடும் கலிங்குக்கு அவர்கள் வழங்கும் பெயர் அலுகு. கரை நீரைத் தாங்குகிறது. மதகு வயலுக்கு விடுகிறது. கலிங்கு கரையைக் காக்கிறது. இம்மூன்றனுள் கலிங்கையே நாம் மறந்து போகிறோம். பெருமழை இல்லாத பத்தாண்டு வந்துவிட்டால், கலிங்கிலிருந்து இறங்கும் ஓடை வெறும் மேய்ச்சல் நிலமாகத் தோன்றும். பின்னர் அது மனையாகும். மனைக்கு ஒரு நகரின் பெயரும் வரும்.

ஏரியைப் பற்றி இந்நாட்டில் எழுதப்பெற்ற நூலுரைகளுள் நான் பெரிதும் மதிப்பது ஒரு கல்லெழுத்தையே. கடப்பை மாவட்டத்துப் போருமாமிள்ளையில், விசயநகர மன்னன் முதலாம் புக்கனின் மகன் பாஸ்கரன், சக ஆண்டு 1291-இல், அதாவது கி.பி. 1369-இல், ஒரு பேரேரியைக் கட்டி முடித்தான். நாள்தோறும் ஆயிரம் ஆட்களும், கல் சுமக்க நூறு வண்டிகளுமாக இரண்டு ஆண்டுகள் வேலை நடந்தது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அத்தோடு நில்லாமல், நல்ல ஏரிக்கு வேண்டிய உறுப்புகள் பன்னிரண்டு, ஏரிக்கு வரும் குற்றங்கள் ஆறு என்று அது வகுத்தும் சொல்கிறது. உறுப்புகளுள் ஒன்று, நீரியல் கற்றவன் ஒருவன். மற்றொன்று, ஏரி வேலையில் தேர்ந்த ஆட்கூட்டம். குற்றங்களுள் முதலாவதாக வைக்கப்பெற்றது கரையிலிருந்து நீர் ஊறுதல். மூன்றாவது, இரண்டு அரசுகளின் எல்லையில் ஏரி அமைதல். அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய இவ்விரண்டு குற்றங்களும் நம் கண்முன்னேயே நிற்கின்றன என்பதைச் சொல்லவே நான் வந்தேன்.

2021 நவம்பர் மாதத்தை இங்குள்ளோர் எளிதில் மறந்திருக்க மாட்டீர்கள். 18-ஆம் நாள் பெய்த மழையில் திருமலையின் மலைப்பாதைகளில் வெள்ளம் அருவியாய் இறங்கிற்று. எம்.ஆர். பள்ளியிலும் லட்சுமிபுரம் பகுதியிலும் தெருவெல்லாம் ஆறாயின. சுவர்ணமுகியில் வெள்ளம் பாலங்களை அரித்தது. அம்மழையின் மறுபுறம், சேசாசல மலைத்தொடருக்கு அப்பால், செய்யேறு என்னும் ஆறு பொங்கிற்று. முதலில் மேலே உள்ள பிஞ்சா அணையின் கரை உடைந்தது. 19-ஆம் நாள் காலை, இராசம்பேட்டைக்கு அருகே அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துச் செல்லப்பட்டது. கீழேயிருந்த ஊர்களில் பலர் உயிரிழந்தனர். வெள்ளம் வடிந்த பின் அங்கே கண்ட காட்சி, பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ளத் தக்கது. கதவுகள் பொருத்திய கட்டடப் பகுதி அசையாமல் நின்றது. அதன் பக்கத்தில் இருந்த மண்கரையைக் காணவில்லை!

ஏன் இப்படி நேர்ந்தது? அந்த அணையின் கதவுகள் வழியே நொடிக்கு 2 லட்சத்துச் சொச்சம் கன அடி நீரை வெளியேற்றலாம். வந்ததோ 3 லட்சத்தைத் தாண்டிய வெள்ளம். போதாக்குறைக்கு, ஐந்து கதவுகளில் ஒன்று திறக்கவில்லை என்று அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில் கூறப்பட்டது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். நொடிக்கு ஒரு லட்சம் கன அடி வெளியேற வழியின்றித் தேங்கினால், 100 கோடி கன அடி, அதாவது ஒரு டி.எம்.சி., சேர்வதற்கு 10,000 நொடிகள் போதும். மூன்று மணி நேரம் கூட ஆகாது. அந்த அணையின் முழுக் கொள்ளளவே இரண்டு டி.எம்.சி.க்குச் சற்று மேல். நள்ளிரவில் கதவு மேடையில் நின்றவர்களுக்குச் சிந்திக்க எவ்வளவு பொழுது கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்லணையின் மேல் நீர் வழிந்தால் அணை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மண்கரை பொறுக்காது. உச்சியைத் தாண்டிய நீர், கரையின் வெளிச் சரிவை முதலில் கீறும், கீறல் வாய்க்காலாகும், வாய்க்கால் ஆறாகும். 1979 ஆகஸ்டு 11-ஆம் நாள் குசராத்தின் மோர்வி நகரை அழித்த மச்சு இரண்டாம் அணையும் இவ்வாறே மண்கரை வழிந்து உடைந்ததாகும். அங்கும் கணக்கிட்டதைக் காட்டிலும் வந்த வெள்ளம் பெரிது. ஆகவேதான், எந்த அளவு வெள்ளத்துக்குக் கலிங்கு கட்டுவது என்பதே இத்துறையின் தலையாய கேள்வியாக விளங்குகிறது. இந்தியத் தரக்குழுவின் 1985-ஆம் ஆண்டு வரையறையின்படி, 6 கோடி கன மீட்டருக்கு மேல் தேக்கும் அணைகள், இயற்கையில் நிகழக்கூடிய மிகப் பெரும் வெள்ளத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். ஒரு கோடிக்குக் குறைந்த சிறியவற்றுக்கு நூற்றாண்டு வெள்ளம் போதும் என்கிறது அது.

நூற்றாண்டு வெள்ளம் என்றதும், "போன முறை வந்துவிட்டது, இனி நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான்" என்று நினைப்பவர் பலர். அச்சொல்லுக்கு அது பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு அதற்கு உண்டு என்பதே பொருள். வீட்டுக் கடன் அடைக்க 30 ஆண்டு ஆகுமானால், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையேனும் அவ்வெள்ளம் வருவதற்கு நூற்றுக்கு 26 வாய்ப்பு இருக்கிறது. வங்கியில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை!

இனி முதற் குற்றமாகிய ஊறலுக்கு வருவோம். அதே 2021 நவம்பரில், செய்யேற்றுத் துயரம் நிகழ்ந்த ஓரிரு நாளில், திருப்பதிக்கு அருகே இராமச்சந்திராபுரம் வட்டாரத்திலுள்ள இராயலசெருவின் கரையில் நீர் கசியக் கண்டனர். விசயநகர காலத்தது என்று சொல்லப்பெறும் பழம்பேரேரி அது. கீழேயுள்ள ஊர்மக்களை மேட்டு நிலங்களுக்கு அனுப்பிவிட்டு, மணல் மூட்டைகளை அடுக்கிக் கரையைக் காத்தனர். கரை பிழைத்தது. பிழைத்த கரை செய்தித்தாளில் நெடுநாள் நிற்பதில்லை. ஆனால் நாம் கற்க வேண்டியது அங்கேதான் மிகுதி.

எல்லா மண்கரையிலும் நீர் சிறிது ஊறத்தான் செய்யும். தெளிந்த நீராய் ஊறினால் அஞ்ச வேண்டுவதில்லை. கலங்கி வந்தால் ஆபத்து. கலங்கல் என்பது கரையின் உள்மண்ணே கரைந்து வெளிவருகிறது என்பதற்கு அடையாளம். வெளிப்புறத்தில் தொடங்கும் துளை, எலி வளைபோல உட்புறம் நோக்கி வளர்ந்து, ஏரி நீரைத் தொட்டதும் கரை இடிந்து விழும். அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 சூன் 5-ஆம் நாள் காலையில் கலங்கிய கசிவைக் கண்டனர். நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் மாண்டனர். புதிதாகக் கட்டி முதன்முறையாக நிரப்பிய அணை அது!

இதற்கு மருந்து என்ன? வெளிப்புறத் துளையைக் களிமண்ணால் அடைத்துவிட வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். அது தவறு. அடைபட்ட நீர் வேறிடத்தில் வாய் திறக்கும். வெளிப்புறத்தில் முதலில் மணல், அதன்மேல் சிறு சரளை, அதன்மேல் பெருங்கல் என்று வடிகட்டியாக அடுக்க வேண்டும். நீர் வெளியேறும், மண் வெளியேறாது. நம் தாய்மார்கள் கஞ்சி வடிக்கும்போது செய்வதும் இதுவே. மணல் எவ்வளவு நுண்ணியதாக இருக்கலாம் என்பதற்கு டெர்சாகி என்னும் அறிஞர் சென்ற நூற்றாண்டில் விதி வகுத்தார்.

நீரின் தள்ளுவிசையைப் பற்றிய பாடம் ஒன்றும் அதே மாதத்தில் நம் நகரிலேயே நடந்தது. கிருஷ்ணா நகரில் ஒரு வீட்டில், வட்டக் கான்கிரீட் உறைகளை அடுக்கிப் புதைத்த நிலத்தடித் தொட்டியை ஓர் அம்மையார் உள்ளே இறங்கித் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, தொட்டி தானே நிலத்தைவிட்டு மேலெழுந்தது. அவர் உயிர் தப்பினார். பலர் அதை அற்புதம் என்று பார்க்கச் சென்றனர். ஆனால் அது ஆர்க்கிமிடீசு சொன்ன விதிதான். ஒரு மீட்டர் அகலமும் 5 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு தொட்டியைக் கருதுங்கள். மழையால் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டால், அதனை ஏறத்தாழ 4 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். உறையின் கனம் 5 சென்டிமீட்டர் என்றால் தொட்டியின் எடை 2 டன் கூட இராது. உள்ளே நீர் இருக்கும்வரை அதன் பாரம் தொட்டியை அழுத்திப் பிடிக்கும். நீரை இறைத்தால் தொட்டி படகாகிவிடும். எனவே மழை விட்டு நிலம் காயும் வரை நிலத்தடித் தொட்டியை வெறுமையாக்காதீர்கள். இதே மேல்நோக்கு விசையைக் கணக்கில் கொள்ளாமையால்தான் பிரான்சில் பூசே என்னும் கல்லணை 1895-இல் உடைந்தது.

நிலநடுக்கம் பற்றியும் ஒரு சொல் கூறுமாறு நண்பர் ஒருவர் கேட்டார். 2001 சனவரி 26-இல் கட்ச் பகுதி நடுங்கியபோது சாங், தாப்பர் முதலிய மண்ணணைகள் பல வெடித்தும் சரிந்தும் போயின. நீர் குறைந்திருந்த காலமாதலின் வெள்ளம் வரவில்லை. நீர் ஊறிய தளர்மணலின்மேல் கரை நிற்குமாயின், அதிர்ச்சியில் அம்மணல் குழம்பாகிவிடும் என்பதே அங்குக் கற்ற பாடம். நம் பகுதிக்கு அவ்வளவு அச்சம் இல்லை. நமக்குப் பகை வெள்ளமே.

செய்யேற்றுத் துயரத்துக்குப் பின், 2021 டிசம்பரில் அணைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம். ஆனால் 15 மீட்டருக்கு மேற்பட்டவையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சிலவுமே அதன் வரம்பில் அடங்கும். அதற்குத் தாழ்ந்த கரையுள்ள நூற்றுக்கணக்கான ஏரிகளுக்கு ஊராரின் கண்ணே காவல். முன்பு அக்கண் விழித்திருந்தது. திருமலை திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளுள் மிகப் பல நம் தமிழில் உள்ளவை. அடியார் தந்த பொன்னைக் கோயில் சிற்றூர்களின் ஏரியிலும் கால்வாயிலும் இட்டு, அதனால் மிகுந்த விளைவைக்கொண்டு அமுதுபடி நடத்தியதை அவை திரும்பத் திரும்பக் கூறுகின்றன. ஏரி தூர்ந்தால் அமுதுபடி நிற்கும் என்னும் நிலையில், கரையைப் பார்க்க ஆளுக்குக் குறைவிருந்திருக்குமா? வயல் மனையான பிறகு, ஏரியால் பயனுற்றவர் போயினர். ஏரியால் நனைபவர் மட்டுமே எஞ்சினோம்.

எல்லைக் குற்றத்தைச் சொல்லி முடிக்கின்றேன். நாம் வாழும் இந்நிலம் 1911 வரை வட ஆற்காட்டின் பகுதி; 1953 வரை சென்னை மாநிலத்தது; 2022 முதல் திருப்பதி தனி மாவட்டம். ஆனால் ஆறுகள் இவை எவற்றையும் அறியா. பிச்சாட்டூரில் ஆரணியாற்று அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டைக்கு எச்சரிக்கை போக வேண்டும். கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டு நனையும். அந்நீர் கொசத்தலையாற்றில் பூண்டி வரை செல்லும். சித்தூர் நகரைத் தொட்டு ஓடும் நீவா, பொன்னையாறாகிப் பாலாற்றை அடைகிறது. மேலே மழையளவு தெலுங்கில் எழுதப்படுகிறது. கீழே அதைத் தமிழில் கேட்க வேண்டியவர் காத்திருக்கின்றனர்.

இங்கே அமர்ந்திருப்போரில் ஊத்துக்கோட்டையிலும் பள்ளிப்பட்டிலும் பொன்னையிலும் உற்றார் உடையவர் பலர். இரு மொழியும் அறிந்தவர் நாம். ஆகையால் சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள். வரும் வடகிழக்குப் பருவத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் காலனியைச் சூழ்ந்த நிலத்தின் பழைய கிராம வரைபடத்தை வருவாய் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அதில் ஓடை என்று கோடிட்ட இடங்களை நம் தெருக்களோடு ஒப்பிட்டுப் பார்க்க இளைஞர் சிலரை அனுப்புங்கள். அடுத்து, அணை திறக்கும் அறிவிப்பு வந்த அதே மணியில் எல்லைக்கு அப்பாலுள்ள உறவினருக்குத் தொலைபேசியில் சொல்ல, ஊருக்கு ஒருவராகப் பெயர் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடத்தைப் படித்துக் காட்ட என்னால் இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கின்றேன்.