பலாலியில் இறங்கினோம்



சென்னையில் விடுமுறை முடித்து வீடு திரும்பிய கதையைச் சொல்ல வந்தோம். முன்பெல்லாம் கட்டுநாயக்காவில் இறங்கி, சேலைப் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் வரவேண்டும். சுற்றுலாவின் களைப்பைவிட வீடு வந்த களைப்புத்தான் பெரிது!

இம்முறை பலாலிக்கே வந்தோம். எழுபது பேரளவில் ஏறும் சிறிய விமானம்; விசிறி சுழல்வது யன்னலால் தெரியும். பாக்குநீரிணை முடிந்ததும் பனைகள், செம்மண், புகையிலைத் தோட்டங்கள். ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் சகோதரிகளே, சென்னையில் மாறி ஏறினால் நீங்களும் இப்படி வரலாம்.

எங்கள் மூத்தவர்களுக்கு இந்த வழி புதிதல்ல. 1947 டிசம்பரில் எயர் சிலோனின் முதற் சேவையே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. போர் வழியை மூடியது. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது.

சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் கைதட்டினோம், ஒருத்தியைத் தவிர. எங்கள் வகுப்புத் தோழி. சொந்த ஊர் பலாலி. 1990 இல் இடம்பெயர்ந்த குடும்பம், காணி இன்னும் முட்கம்பி வேலிக்குள். "எங்கட கிணறு அந்தப் பக்கம்" என்று மட்டும் கையைக் காட்டினாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு, எங்களோடு வானில் ஏறி, கோண்டாவிலில் இருக்கும் வாடகை வீட்டுக்குப் போனாள்.