இளம் வாசகர் கேட்ட கதை

(இலக்கிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



யதார்த்த நாவல்கள் இளைஞரைக் கெடுக்கின்றனவா என்னும் வினா நம் கூட்டங்களிலே அடிக்கடி எழுவது. கெடுக்கும் என்பர் ஒரு சாரார். கெடுக்கா என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் பெரும்பாலும் முப்பது வயதைக் கடந்தவர்களாகவே இருக்கிறார்கள். அந்நாவல்களை வாசிக்கும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எவரேனும் எடுத்துக் காட்ட நான் கேட்டதில்லை. அப்பிள்ளைகள் தாமே வாய் திறந்த ஒரு நிகழ்ச்சி அமெரிக்காவில் உண்டு. அதனை இன்று தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒக்லஹோமா மாநிலத்து ரல்சா நகரிலே சூசன் எலோயிஸ் ஹின்ரன் என்றொரு மாணவி இருந்தாள். தன் நண்பன் ஒருவன் வீடு திரும்பும் வழியில் அடிபட்டான் என்ற சினத்தினால் பதினைந்தாம் வயதிலே ஒரு கதையை எழுதத் தொடங்கினாள். 'தி அவுற்சைடர்ஸ்' என்னும் அந்நாவல் 1967ஆம் ஆண்டு வெளிவந்தபோது அவளுக்கு வயது பதினெட்டு. முரட்டுப் பையன்களின் கதையைப் பெண் எழுதினாள் என்றால் விமர்சகர் மதியார் என்று பதிப்பாளர் அஞ்சியமையால், அட்டையிலே 'எஸ். ஈ. ஹின்ரன்' என்று மட்டுமே அச்சிட்டனர். அதனால் வாசகர் பலர் ஆசிரியரை ஆண் என்றே நெடுநாள் நம்பினர்.

கதை இதுதான். நகரின் கிழக்குப் பக்கத்து ஏழைப் பிள்ளைகள் 'கிறீசர்' எனப்பட்டனர். எண்ணெய் பூசிய நீண்ட தலைமயிரால் வந்த பெயர். மேற்குப் பக்கத்துச் செல்வர் பிள்ளைகள் 'சோஷ்'. இரு கூட்டத்தாருக்கும் ஓயாத சண்டை. கதை சொல்பவன் பொனிபோய் என்னும் பதினான்கு வயதுப் பையன். தாய் தந்தையர் கார் விபத்தில் இறந்துவிட, இருபது வயதுத் தமையன் டரி பல்கலைக்கழகக் கனவைக் கைவிட்டுக் கூலி வேலை செய்து தம்பியர் இருவரையும் காக்கிறான். பொனிபோயைச் செல்வர் கூட்டம் நீர்த்தொட்டியில் அமிழ்த்தும்போது, அவனைக் காக்க வேண்டி ஜொனி என்னும் தோழன் கத்தியை எடுக்கிறான். ஓர் உயிர் போகிறது. இருவரும் ஓடிப் பாழடைந்த தேவாலயம் ஒன்றில் ஒளிகிறார்கள். அது தீப்பற்றியபோது உள்ளே அகப்பட்ட குழந்தைகளை மீட்கிறார்கள். அந்தத் தீயிலே பட்ட காயங்களால் ஜொனி இறக்கிறான்.

குறை இல்லாத நாவல் என்று நான் சொல்ல வரவில்லை. பிற்பகுதியிலே சாவுக்கு மேல் சாவு வருகிறது. கண்ணீர் சற்று மிகுதி. ஆனால் டரி தம்பியை அடித்துவிட்டு அதனால் கலங்கும் இடத்தை வாசித்துப் பாருங்கள். தமையன் கண்டிப்பது அன்பின்மையால் அன்று, அச்சத்தால் என்று பொனிபோய் உணர்வதற்கு அரை நாவல் செல்கிறது. எந்த அறநூலும் தமையனைப் பற்றி இவ்வளவு நெருக்கமாகப் பேசி நான் வாசித்ததில்லை.

நான் கற்ற மிஷன் பாடசாலையின் அலுமாரியிலே நல்ல பையன் பரிசு பெறுவதும் கெட்ட பையன் ஆற்றில் விழுவதுமான கதைப் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. மிகவும் சுத்தமாக இருந்தன! எவரும் தொட்டால்தானே அழுக்காகும்? ஹின்ரனும் இதே குறையைக் கண்டவரே. இளைஞருக்கென எழுதப்படும் கதைகள் அவர்தம் மெய்யான வாழ்வைக் காட்டவில்லை என்று 1967இலேயே நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் வாதாடினார்.

இனி, நான் சொல்ல வந்த நிகழ்ச்சி. கலிபோர்னியாவின் பிரெஸ்னோ என்னுமிடத்தில் லோன் ஸ்ரார் என்றொரு பாடசாலை உண்டு. அங்கே ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்நாவலை வாசித்து, இது படமாக வேண்டும் என்று ஒரு விண்ணப்பத்திற் கைச்சாத்திட்டார்கள். கைச்சாத்துகள் நூற்றுக்கு மேல். நூலகப் பொறுப்பாளரான அம்மையார் அதனை 1980இலே, 'கோட்பாதர்' படத்தாற் புகழ் பெற்ற நெறியாளர் பிரான்சிஸ் போர்ட் கொப்பொலாவுக்கு அனுப்பினார். கொப்பொலா அந்நாவலைக் கேள்விப்பட்டதும் இல்லை. தயாரிப்பாளர் பிரெட் றூஸ் சில பக்கம் பார்ப்போம் என்று திறந்தவர் முழுவதையும் வாசித்து முடித்தார். 1983இலே படம் வெளிவந்தது. அது அப்பாடசாலை மாணவருக்கும் நூலகருக்கும் சமர்ப்பணம் என்று படத்திலேயே பொறித்தார்கள்.

கடைகளில் அடிதடிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. அடிதடிதான் வேண்டுமென்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினர் கூடிக் கைச்சாத்திட்டுக் கடிதம் அனுப்புவார்களா?

பெரியோர் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. 1986இலே விஸ்கொன்சின் மாநிலத்துத் தென் மில்வோக்கியில் இந்நூலுக்கு எதிர்ப்பு எழுந்தது. மதுவும் போதைப் பொருளும் இதில் மலிந்துள்ளன, பாத்திரங்கள் ஏறக்குறைய யாவரும் சிதைந்த குடும்பத்தவர் என்றார்கள். இரண்டாவது குற்றச்சாட்டுத்தான் எனக்கு விளங்கவில்லை. சிதைந்த வீட்டுப் பிள்ளை வகுப்பிலே இருக்கலாம், புத்தகத்திலே இருக்கலாகாதோ?

படம் வந்த பின்னரும் இளம் வாசகர் ஓயவில்லை. நாவலின் பல பகுதிகள் படத்தில் இல்லையே என்று ஆண்டுதோறும் கடிதம் எழுதினார்கள். 2005ஆம் ஆண்டு கொப்பொலா, வெட்டிய காட்சிகளில் ஏறக்குறைய இருபத்திரண்டு நிமிடங்களைத் திரும்பச் சேர்த்துப் படத்தை மறுபடி வெளியிட்டார். உடன்பிறந்தார் மூவரும் வீட்டிலே இருக்கும் காட்சிகள் அவற்றுள் அடங்கும்.

நம் வாசிகசாலைக்கு நூல் தெரிவு செய்யும் குழுவினரும் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. இளைஞருக்கு ஆகாது என்று ஒரு நாவலை விலக்கும் முன், அதனைப் பதினைந்து வயதினர் இருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்து, அவர்கள் சொல்வதைக் கூட்டக் குறிப்பிலே எழுதிக்கொள்ளுங்கள். குழுவின் மேசையைச் சுற்றி இப்போது ஐந்து நாற்காலிகள் இருக்கின்றன. இன்னும் இரண்டு போட இடம் உண்டு. நான் அளந்து பார்த்தேன்.