நெஞ்சுப் பட்டியா, கைக்கடிகாரமா?

சுபஹுத் தொழுகை முடிந்து கல்முனைக் கடற்கரையில் நடப்பவருக்கு, இதயத் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் தாராளமாகப் போதும். விரைந்தோடிப் பயிற்சி எடுக்கும் உதைபந்தாட்ட வீரருக்கோ நெஞ்சுப் பட்டிதான் வேண்டும் என்பேன். இரண்டும் அளப்பது வேறு வேறு. பட்டி, இதயம் துடிக்கும்போது எழும் மின்சைகையையே பிடிக்கிறது. கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, திரும்பிவரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பைக் கணக்கிடுகிறது. கைவீசி ஓடினால் அது குழம்பும். சிலவேளை காலடியையே துடிப்பென்று எண்ணிவிடும்: நிமிடத்துக்கு 165 அடி வைத்தால் திரையிலும் 165, உண்மைத் துடிப்பு 140 ஆக இருக்கலாம்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் வைத்தியர்கள் 50 பேரை ஓடவிட்டு ஈசிஜியோடு ஒப்பிட்டார்கள். பட்டியின் பொருத்தம் 0.99, நான்கு மணிக்கட்டுக் கருவிகளுக்கு 0.83 முதல் 0.91 வரை. அது 2016இல் வெளிவந்த ஆய்வு, கடிகாரங்கள் இப்போது தேறிவிட்டனவே என்பீர்கள். தேறியிருக்கின்றன; ஆனாலும் அசைவு ஒளியைக் குழப்பும் இயல்பு போகவில்லை. கடிகாரத்தின் பிழைக்குக் கறுத்த தோல்தான் காரணமா? டியூக் பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்வில் தோல் நிறத்தால் பெரிய வேறுபாடில்லை. அசையும்போதே பிழை கூடியது. எங்கள் புழுக்கத்தில் பட்டி எரிச்சல் தரும் என்ற குறை நியாயமானது. ஆனால் வியர்வை ஈரம்தான் சைகையைத் தெளிவாக்குகிறது. அணியுமுன் பட்டியின் உட்புறத்தை நனையுங்கள், கழற்றியதும் உப்புப் போகக் கழுவுங்கள். கடிகாரமே வசதியென்றால் மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டுங்கள். நெஞ்சு வலித்தால் எந்த இலக்கத்தையும் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.