காசு விழுங்கும் பொறியும் கணக்கும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இலக்கியம் முழங்கும் இம்மேடையில் வீடியோ விளையாட்டுக் கூடத்தைப் பற்றிப் பேசப் புகுந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் புகைவண்டி நிலையத்தில் கணக்கெழுதுபவன் நான். புகை போய்ப் பல்லாண்டுகள் ஆயின. பெயர்தான் நம் நாவை விட்டுப் போகவில்லை. எனக்கு யாப்பிலக்கணம் வராது. கூட்டலும் கழித்தலும் வரும்.

இத்தலைப்பை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்து அன்பர் ஒருவர் வரும் ஆண்டில் பணி ஓய்வு பெறுகிறார். அல்சூர்ப் பக்கம் விளையாட்டுக் கூடம் ஒன்று வைக்க அவருடைய மகன் 15 இலட்சம் ரூபாய் கேட்கிறான். “கொடுக்கலாமா தம்பி?” என்று அவர் என்னை வினவினார். அவருடைய இசைவு பெற்றே அவ்விடையை அவை நடுவே வைக்கிறேன். வேறு இல்லங்களிலும் இக்கேள்வி எழுந்திருக்கக்கூடும் அல்லவா?

காசு போட்டால் வேலை செய்யும் பொறி நமக்குப் புதிதன்று. நிலைய நடைமேடையில் வண்ண விளக்குகள் சுழல நின்ற எடைப் பொறியை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். நாணயத்தை இட்டால் எடையும் எதிர்காலப் பலனும் அச்சிட்ட அட்டை ஒன்று வந்து விழும். எடை யாருக்கு வேண்டும்? பலன் படிக்கவே பாதிப் பேர் ஏறி நின்றார்கள். வண்டிக்குக் காத்திருப்பவனின் ஓய்ந்த ஐந்து நிமிடத்தைக் காசாக்கியதே அப்பொறியின் தொழில். வீடியோ விளையாட்டுப் பொறியின் தொழிலும் அதுவேதான்.

1972-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அட்டாரி நிறுவனத்தார் ‘பாங்’ என்னும் பந்தாட்டப் பொறியை ஓர் அருந்தகத்தில் வைத்தனர். சில நாளில் பொறி நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. திறந்து பார்த்தால் பழுது ஒன்றுமில்லை. காசுப் பெட்டி நிரம்பி வழிந்திருந்தது! 1978-இல் ஜப்பானியரின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980-இல் ‘பேக்-மேன்’ என்று அடுத்தடுத்து வந்து உலகெங்கும் சிறுவர்களின் சட்டைப் பையைக் காலி செய்தன. அத்தம்பி இக்கதையைத்தான் படித்திருக்கிறான். அதற்குப் பிந்தைய கதையையும் அவன் படிக்க வேண்டும்.

நம் பெங்களூரிலும் இக்கூடங்கள் பெருகின. பெருகியதும் காவல்துறையின் பார்வை விழுந்தது. பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று பெங்களூர் நகருக்கென 1989-ஆம் ஆண்டு ஆணை ஒன்று பிறந்தது. கூடம் நடத்துவோர் வழக்காடினர். எம். ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு என்னும் அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1995-இல் முடிந்தது. உரிமக் கட்டுப்பாடு செல்லும் என்பதே தீர்ப்பு. வீடியோ விளையாட்டு எல்லாம் திறமை விளையாட்டு என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. உரிமையாளர் பொறிக்குள் கைவைத்து வெற்றி தோல்வியைத் தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ள முடியும் என்பதும் அவ்வழக்கில் பேசப்பட்டது.

பழங்கதை என்று இதைத் தள்ளிவிடலாகாது. இன்றைய கூடங்களில் பொம்மையைக் கவ்வும் இரும்புக் கை ஒன்று இருக்கிறதே, அதன் பிடி எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை இறுக வேண்டும் என்பதைப் பல பொறிகளில் உள்ளே திருகி வைக்கலாம். அதில் தோற்ற குழந்தை தன் கையைத்தான் நொந்துகொள்கிறது. வருவாய் மிகுதியும் அத்தகைய பொறியில்தான் என்று அத்தம்பிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வருவாய் இருக்கலாம், நம் வீட்டுப் பிள்ளை செய்யத்தக்க தொழிலாக எனக்குத் தோன்றவில்லை.

இனிக் கணக்கு. தொகைகள் யாவும் நான் வைத்துக்கொண்ட மதிப்பே. அவரவர் தம் தெருவின் விலையைப் போட்டுப் பார்க்கலாம். பத்துப் பொறிகள், ஓர் ஆட்டம் 30 ரூபாய், ஆள் மாறும் நேரம் உட்பட 6 நிமிடம். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் திறந்தால் ஒரு பொறியில் 100 ஆட்டம் நடக்கலாம். நடக்குமா? வார நாள்களில் பிள்ளைகள் பள்ளியில், பெரியோர் அலுவலகத்தில். ஆகவே வார நாளில் 10 ஆட்டம், சனி ஞாயிறுகளில் 40 ஆட்டம் என்று கொள்வோம். வார நாளில் 3,000 ரூபாய். விடுமுறை நாளில் 12,000 ரூபாய். மாதத்தில் 22 வார நாள்களுக்கு 66,000; எட்டு விடுமுறை நாள்களுக்கு 96,000. ஆக 1,62,000 ரூபாய். எட்டு நாள் உழைப்பு இருபத்திரண்டு நாளைத் தாங்குகிறது! காலி இருக்கையோடு புறப்பட்ட வண்டியின் இருக்கையை மறுநாள் விற்க இயலாது. ஆடாத பொறியின் நேரமும் அவ்வாறே.

செலவுக்கு வருவோம். வாடகை 60,000. ஆள் இருவருக்கு 36,000. மின்சாரம் 15,000. பழுது பார்க்க 15,000. தூய்மை, உரிமம், பிற சில்லறைக்கு 6,000. மொத்தம் 1,32,000. கையில் நிற்பது 30,000. தம்பி இதைக் காட்டித்தான் தந்தையை மகிழ்வித்தான். பொறிகளோ என்றும் புதியனவாய் இரா. 15 இலட்சத்தை ஐந்தாண்டில் மீட்க மாதம் 25,000 ஒதுக்க வேண்டும். எஞ்சுவது 5,000 ரூபாய்! ஆண்டு வரவு 19,44,000 என்பதால் சரக்கு சேவை வரிப் பதிவுக்குரிய 20 இலட்ச வரம்புக்குச் சற்றே உள்ளே நிற்கிறது. கோடை விடுமுறையில் கூட்டம் மிகுந்து வரம்பு தாண்டினால் வரியும் வந்து சேரும். வருவாய் கூடியும் கையிருப்பு குறையக்கூடிய விந்தை அது.

போட்டி யார்? அடுத்த தெருக் கூடம் அன்று; ஆடுபவன் கையிலுள்ள கைப்பேசி. 2016-இல் இணையக் கட்டணம் சரிந்த பின்னர் விளையாட்டு ஓசியாகிவிட்டது. ஆகவே கைப்பேசி தர இயலாததைத் தருபவர்களே நிலைக்கிறார்கள். உட்கார்ந்து ஓட்டும் கார்ப் பொறி, 1998-இல் ஜப்பானியர் கொண்டுவந்த கால்பலகை நடனப் பொறி, பந்துருட்டும் தளம் ஆகியவற்றை உள்ளங்கையில் அடக்க முடியாது. பேரங்காடிகளின் மேல்மாடிக் கூடங்களைக் கவனியுங்கள். அங்கே நாணயத் துளையே இல்லை. முன்பணம் ஏற்றிய அட்டை இருக்கிறது. அட்டையில் மீந்த இருபது, முப்பது ரூபாய்க்காகக் குடும்பம் மீண்டும் வரும். வராவிட்டால் அது கூடத்தாரிடமே தங்கும். பிறந்தநாள் விழாவும் தின்பண்டமும் அவர்களுடைய கணக்கை நிமிர்த்துகின்றன. பெருமுதல் உடையவர்கள் ஆடும் ஆட்டம் அது.

சிறுமுதல் உடையவனுக்கு வழியே இல்லையா? உண்டு. பொறியை விலைக்கு வாங்காமல், பொறியுடையவரோடு வசூலைப் பங்கிட்டுக்கொள்வது பல நாடுகளில் நெடுநாள் வழக்கம். இடம் ஒருவருடையது, பொறி மற்றவருடையது. நடைமேடை எடைப் பொறிகள் பலவும் ஒப்பந்தக்காரர் வைத்தவையே.

ஆகவே அண்ணார் அவர்களுக்கு என் விடை இது. 15 இலட்சத்தைக் கொடுக்க வேண்டாம். தம்பியை வெறுங்கையோடு அனுப்பவும் வேண்டாம். ஒன்றரை இலட்சம் கொடுங்கள். தின்பண்டக் கடையோ சிற்றுண்டிச்சாலையோ நடத்தும் நம்மவர் ஒருவரின் கடையில் மூன்று பொறிகளைப் பங்கு முறையில் அவன் வைக்கட்டும். பலகையைக் கழற்றிப் பழுது பார்க்க அவனே கற்கட்டும். அதற்கு ஆள் தேடினால் இலாபம் ஆளோடு போய்விடும். உரிமம் குறித்துக் காவல் ஆணையர் அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்து, விடையை எழுத்தில் பெறட்டும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டின் பக்கம் தலை வைக்கலாகாது. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதனைத் தடை செய்துள்ளது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொறியும் எத்தனை ஆட்டம் ஆடிற்று என்று ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். ஓராண்டுக் குறிப்பேட்டோடு அவன் வந்தால் நானே அவனோடு அமர்ந்து கணக்குப் பார்க்கச் சித்தமாயிருக்கிறேன். வார நாளில் பொறிக்கு 20 ஆட்டம் தேறியிருந்தால் மிச்சப் பணத்தைப் பற்றி அப்பொழுது பேசலாம்.

தம்பி பின்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருப்பது தெரிகிறது. மகளிர் அணியினரின் இசை நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது.