புது இரத்தம் ஏற்றவரோடு வாழ்தல்



இரத்தப் புற்றுநோய் என்றதும் சாந்த்ராகாச்சித் தமிழர்க்கு வேலூர் நினைவே முந்தும். அங்கே கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கிய டாக்டர் மாம்மன் சாண்டி, பின்னர் கொல்கத்தா நியூ டவுனில் 2011-இல் திறக்கப்பெற்ற டாட்டா மருத்துவ மையத்தின் இயக்குநராக வந்தார். இன்று ஆற்றைக் கடந்தால் அச்சிகிச்சை கிட்டும்.

யான் கூற விழைவது அதற்குப் பின்னுள்ள வாழ்வைப் பற்றி. பிறருடைய குருத்தணுக்களைப் பெற்றவர் உடலில் ஊறுவது கொடுத்தவரின் இரத்தமே. இரத்தப் பிரிவுகூட மாறலாம். ஆனால் இளமையில் போட்ட தடுப்பூசிகளின் காப்பு கரைந்துவிடும். ஐம்பது வயதினரும் கைக்குழந்தைபோல் மீண்டும் ஊசிக்குக் கை நீட்ட வேண்டும்! சிலருக்குப் புதிய அணுக்கள் உடலை அயலெனக் கருதித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும். அதனை அடக்கும் மருந்தோ நோயெதிர்ப்பைக் குறைக்கும்.

கூட்டமாகச் சென்று நலம் விசாரிக்காவிடில் நமக்கு உறக்கம் வாராது. எனினும், அவர் நோய் நம்மைத் தொற்றாது. நம் சளியே அவரைத் தொற்றும். பூச்செண்டும் நறுக்கிய பழமும் வேண்டா. வீட்டாரைக் கேட்டு, கொதிக்கக் கொதிக்க ரசம் அனுப்புங்கள். அடுத்த ஆண்டு விழாவிற்கு அவர் முகமூடியணிந்து வந்தால், காரணம் வினவாது, காற்றோட்டமான ஓரத்தில் ஒரு நாற்காலி போடுங்கள்.