பார்க்கிங்கில் கிடந்த பத்மினி

(நம் சங்கக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இரண்டு வருடத்துக்கு முன்பு நம் அறிவிப்புப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது நினைவிருக்கும். ஓடாத வண்டிகளை மூன்று மாதத்துக்குள் அகற்ற வேண்டும் என்று. பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. கீழ்த்தளத்தில் ஓடாமல் கிடந்த கார் என்னுடையது ஒன்றுதான். எலி, கொசு, நாற்றம் என்று எழுதிக் கொடுத்த புகாரில் என் வீட்டுக்காரியின் கையெழுத்தும் இருந்தது. புகார் நூற்றுக்கு நூறு சரி.

அந்த வண்டி 1976 மாடல் பிரீமியர் பத்மினி. அப்பா செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இன்று அது தினமும் காலையில் உங்கள் கண் முன்னால்தான் வெளியே போகிறது. "எப்படிச் செய்தீர்கள்?" என்று லிஃப்டில் பலர் கேட்கிறீர்கள். என்ஜினைப் பற்றி மெக்கானிக் சொல்வார். நான் வண்டியின் உள்பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டேஷ்போர்டு, சீட், மேல் லைனிங், தரை. நான் பட்டுத் தெரிந்துகொண்டது அங்கேதான்.

முதலில் வண்டியின் கதை இரண்டு வரியில். மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்ற காரைச் செய்தது. 1972-ல் அதன் பெயர் பிரீமியர் பிரசிடென்ட் ஆனது. 1974-ல் பத்மினி ஆனது. 1089 சிசி என்ஜின், ஸ்டியரிங்குக்குக் கீழே கியர், முன்னால் மூன்று பேர் உட்காரும் பெஞ்சு சீட். திருவனந்தபுரத்தில் பிறந்த நடிகை பத்மினியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அப்பா கடைசிவரை நம்பினார். அது சித்தூர் ராணி பத்மினியின் பெயர் என்று நான் சொன்னால், "நம்ம பக்கத்து ஊர்க்காரிய விட்டுட்டு ராணி பேரை வைப்பானா?" என்பார்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். பத்து வருடத்துக்கு முன்பே ஒருமுறை இந்த வண்டியைப் "புதுசாக்க" முயன்றேன். பின்சீட் கிழிந்திருந்தது. ஒரு கடையில் விட்டேன். பழைய ஸ்பிரிங், தென்னை நார் எல்லாவற்றையும் எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, தடிமனான ஃபோம் வைத்து, பளபளக்கும் ரெக்சின் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் சந்தோஷம். ஆனால் முன் கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. இடவப்பாதி மழை முடிவதற்குள் அந்த ஃபோம் தண்ணீரைக் குடித்து ஊறிவிட்டது. ரெக்சின் மேலே காய்ந்து அழகாகத்தான் இருந்தது. அடியில் தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. வாடை வந்ததும் கவர் போட்டு மூடி நிறுத்தினேன். அதன் பிறகுதான் எலியும் கொசுவும் உங்கள் புகாரும்.

அந்தப் பழைய பின்சீட் திரும்பக் கிடைக்கவே இல்லை. அதனால் இரண்டாவது முறை எதையும் தூக்கிப் போடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு தொடங்கினேன். வேலையின் வரிசையையும் தலைகீழாக மாற்றினேன். கண்ணுக்குத் தெரிகிற ரெக்சினைக் கடைசிக்குத் தள்ளினேன். தண்ணீர் முதலில், கரண்டு இரண்டாவது, தகடு மூன்றாவது, துணியும் ரெக்சினும் நாலாவது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு டார்ச்சும் ஒரு ஹோஸும் போதும். என் மகன் வெளியே நின்று கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் விட்டான். நான் உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்திருந்தேன். சொட்டு மூன்று இடத்தில் விழுந்தது. கண்ணாடி ரப்பரையும் கதவு ரப்பரையும் மாற்றி, மறுபடியும் தண்ணீர் விட்டுப் பார்த்து, ஒரு சொட்டு இல்லை என்று ஆன பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்தது டேஷ்போர்டு. கழற்றுவதற்கு முன் பேட்டரியின் மைனஸ் இணைப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு போனில் படம். ஒவ்வொரு ஒயரையும் எடுக்கும் முன் ஒரு படம், எடுத்த பின் ஒரு படம். ஸ்க்ரூக்களைச் சின்னச் சின்ன கவரில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வைத்தோம்.

மீட்டரைக் கழற்றியதும் எனக்கு வியர்த்துவிட்டது. பின்னால் இரண்டு ஒயர்களின் தோலை எலி தின்று, வெறும் செம்பு தெரிந்தது. பத்மினியின் டேஷ்போர்டு தகடு. அந்தச் செம்பு தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. போதாததற்கு, எப்போதோ டேப் ரெக்கார்டர் மாட்டியவர் ஃபியூஸ் இல்லாமல் நேரடியாக லைன் இழுத்திருந்தார். பேட்டரி செத்துக் கிடந்ததுதான் நம்மையெல்லாம் காப்பாற்றியது. உங்கள் வண்டிகளும் பெட்ரோலோடு பக்கத்திலேயே நின்றிருந்தன. நாற்றத்துக்காகப் புகார் கொடுத்தீர்கள். உண்மையான ஆபத்து அதுவல்ல. அதை இன்று உங்கள் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் பேச வந்தேன்.

ஒயரிங் முழுவதையும் எலக்ட்ரீஷியன் மாற்றினார். பழைய நிறங்களையே பின்பற்றினார், அடுத்து வேலை செய்பவருக்கும் புரிய வேண்டும் அல்லவா? மீட்டரைத் தொடவில்லை. அதற்கு வட்ட முகம் கிடையாது, நீளவாக்கில் பட்டை மாதிரி இருக்கும். தூசி துடைத்து, பல்பு மாற்றி, கேபிளுக்கு கிரீஸ் போட்டதும் ஓடியது. கிலோமீட்டர் எண்ணைப் பூஜ்யமாக்கச் சிலர் சொன்னார்கள். அது அப்பா ஓடிய தூரம். அதில் கை வைக்க நான் யார்?

பிறகு தகடு. தரையில் ஓட்டை விழுந்த பகுதியை வெட்டி, புதுத் தகடு வெல்டிங் செய்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்தோம். டேஷ்போர்டுக்கும் பெயின்ட் அடிக்க, கையுறைப் பெட்டியின் மூடியை பெயின்டர் தேய்க்க எடுத்தார். உள்பக்கம் ஏதோ கிறுக்கல் இருக்கிறது என்றார். வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்து. ஒவ்வொரு முறை ஆயில் மாற்றியபோதும் தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருக்கிறார். அதில் ஒரு தேதி என் தங்கை பிறந்ததற்கு முந்தைய நாள். அம்மாவை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியைத் தயார் செய்திருக்கிறார். வாயால் ஒருபோதும் சொன்னதில்லை. மூடியின் வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தோம். உள்பக்கம் அப்படியே இருக்கிறது. கேட்டால் திறந்து காட்டுவேன்.

கடைசியில்தான் குஷன் வேலை. வயதான ஒரு குஷன்காரரிடம் போனேன். முன்சீட்டின் ரெக்சினைப் புதிதாக மாற்றச் சொன்னேன். அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். "இது நல்லாத்தான இருக்கு மக்களே, எதுக்குக் களையணும்?" என்றார். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவைத்தார். தையல் விட்ட இடத்தில், பழைய ஊசித் துளை வழியாகவே மறுபடி தைத்தார். தின்னர், பெட்ரோல், தேங்காய் எண்ணெய் எதுவும் ரெக்சினில் படக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். உள்ளே இற்றுப்போன நாரை மட்டும் மாற்றினார். நாருக்கும் ரப்பருக்கும் நம் மாவட்டத்தில் பஞ்சமா? ரப்பர் பால் சேர்த்த நார் மெத்தை வாங்கிப் போட்டார். அதில் காற்று போகும், ஃபோம் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்காது. பின்சீட்டுக்கும் பழைய மாதிரியே ஸ்பிரிங் கட்டி அதையே வைத்தார்.

மேல் லைனிங் மட்டும் புதிது. அதைத் தாங்கும் கம்பிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். எடுக்கும்போதே நம்பர் போடாவிட்டால் திரும்ப மாட்டவே முடியாது. லைனிங் வேலை முடிந்துதான் சீட் உள்ளே போக வேண்டும்.

இதெல்லாம் பழைய வண்டிக்காரனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வெளிநாடு போகிற பிள்ளைகளின் கார்கள் நம் கீழ்த்தளத்தில் மாதக்கணக்கில் நிற்கின்றன. வருடத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் நம்முடையது. பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். காற்று போகும் துணிக் கவர் போடுங்கள். ஈர மேட்டைத் தூக்கிக் காயவையுங்கள். வாரம் ஒருமுறை வெளியே ஓட்டுங்கள், முடியாவிட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். சீட்டில் முறுக்கு, கடலை சிந்தவிட்டால் எலிக்கு விருந்து, பிறகு ஒயர் அதன் வெற்றிலை பாக்கு.

மும்பையில் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு முடிந்தன. அங்கே டாக்சிக்கு 20 வருடம்தான் ஆயுள். சொந்த வண்டிக்கு அந்தக் கட்டாயம் இங்கே இல்லை. 15 வருடத்துக்குப் பிறகு ஆர்சியை ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்து ஓட்டலாம். 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும்தான். எனக்கு அது வேண்டாம். பழைய கார்களை அழகாகப் பார்க்க ஆசை இருந்தால் கோயம்புத்தூரில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். என் வண்டி காய்கறி வாங்க குழித்துறைக்குப் போகிற வண்டியாகவே இருக்கட்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓடாத வண்டி என்று நோட்டீஸ் ஒட்டும்போது, முதல் வரியாக "பேட்டரி இணைப்பை இன்றே கழற்றவும்" என்று போடுங்கள். அகற்றுவதற்கு மூன்று மாதம் கொடுக்கலாம். இதற்கு ஒரு நாள்கூடக் கொடுக்க வேண்டாம்.

புகாரில் கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும், முக்கியமாக என் மனைவிக்கும், நன்றி. அந்த நோட்டீஸ் வந்திராவிட்டால் அந்த மூடியை நான் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.